அஞ்சு டொமைன், ஒரே மெயில் சர்வர்: மாத்தும்போது லாகினை என்ன பண்றது?

வாசகர் கேள்வி: திருப்பூர்ல ஒரு குரூப் கம்பெனில சிஸ்டம்ஸ் பாத்துக்கறேன். எக்ஸ்போர்ட், நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரினு அஞ்சு கம்பெனி, அஞ்சு டொமைன், ஆனா மெயில் சர்வர் ஒண்ணுதான். சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், லாகினும் மெயில்பாக்ஸும் பாத்துக்க டவ்காட். மெயில் ஐடி எல்லாம் லினக்ஸ் யூசர் அக்கவுண்ட், மெயில்டிர் ஃபார்மேட் (ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல்). எல்லா கம்பெனிலயும் சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ இருக்கறதால லாகின் பேர் சேல்ஸ், சேல்ஸ்2, சேல்ஸ்3னு போகுது. இப்ப டெபியன் 12-ல புது சர்வர் போட்டு, முழு மெயில் அட்ரஸையே லாகினா வெக்கணும்னு பிளான். ஆனா 180 பேருக்கும் பாஸ்வேர்டை மாத்தி, ஒவ்வொரு அவுட்லுக்கா போய் செட் பண்றதுக்கு ஆள் இல்ல, ஐடில நானும் இன்னொரு பையனும்தான். டவ்காட்ல யூசர்நேம் ஃபார்மேட்ல டொமைனை வெட்டி விட்டா பழைய லாகின் அப்படியே ஓடும்னு ஒருத்தர் சொல்றார், பண்ணலாமா? ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சிரலாமா?

பதில்:

வணக்கம்ங்க. முதல்ல அந்த டொமைனை வெட்டற யோசனைய விட்டுருங்க. ஒரே ஒரு டொமைன் இருக்கற சர்வர்ல அது நல்ல வழிதான், யாரு முழு அட்ரஸ் அடிச்சாலும் யாரு வெறும் பேர் அடிச்சாலும் ஒண்ணாயிரும். உங்களுக்கு அஞ்சு டொமைன். டொமைனை வெட்டினா சேல்ஸ்@எக்ஸ்போர்ட், சேல்ஸ்@டையிங் ரெண்டுமே வெறும் "சேல்ஸ்" ஆகி ஒரே மெயில்பாக்ஸுக்குப் போகும். டையிங்ல இருக்கறவருக்கு பாஸ்வேர்ட் தப்புனு வரும், அதோட போச்சுன்னா நல்லது. ஆனா நிறைய கம்பெனில சேல்ஸ் ஐடிக்கெல்லாம் கம்பெனி பேரும் வருஷமும் சேத்து ஒரே பாஸ்வேர்டா வெச்சிருப்பாங்க, அப்படி இருந்தா டையிங் ஆள் எக்ஸ்போர்ட் கம்பெனியோட பையர் மெயிலை திறந்து படிச்சிட்டு இருப்பார், அது தப்புன்னு சர்வருக்கும் தெரியாது, லாக்லயும் எர்ரர்னு எதுவும் வராது. இன்னொருத்தர் டிஃபால்ட் ரியல்ம்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை போடுங்கன்னும் சொல்வார். அது டொமைன் இல்லாம வர்ற பேருக்கு ஒரு டொமைனை ஒட்டி விடும், சேல்ஸ்னு வந்தா சேல்ஸ்@எக்ஸ்போர்ட் ஆகும், சரி. சேல்ஸ்2-னு வந்தா சேல்ஸ்2@எக்ஸ்போர்ட் ஆகும், அப்படி ஒரு ஐடியே உங்ககிட்ட கிடையாது. அதனால அதுவும் ஆகாது.

நான் சொல்றது வேற. சர்வர் மாத்தற அன்னிக்கு யூசர் எவரும் எதையும் தொடவே கூடாது. சர்வர் பேர், லாகின் பேர், பாஸ்வேர்ட், இந்த மூணும் அவங்க போன்லயும் அவுட்லுக்லயும் இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே நாளைக்கும் ஓடணும். முழு அட்ரஸுக்கு மாத்தறதை அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியா நிதானமா பண்ணலாம். மூணையும் ஒரே நாள்ல மாத்தினா, காலைல ஒருத்தர் "மெயில் வரல"ன்னு போன் பண்ணும்போது எது தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது.

இதை எப்படி பண்றதுன்னா, லாகின் பேரும் மெயில்பாக்ஸும் வேற வேறன்னு சர்வருக்கு சொல்லணும். மெயில்பாக்ஸ் வீடு, லாகின் சாவி, ஒரு வீட்டுக்கு ரெண்டு சாவி இருந்தா தப்பில்ல. மைஎஸ்க்யூஎல்ல ரெண்டு டேபிள் போடுங்க. ஒண்ணு மெயில்பாக்ஸ் டேபிள், அதுல முழு அட்ரஸ், பாஸ்வேர்ட் ஹேஷ் (பாஸ்வேர்டை திருப்பி எடுக்க முடியாதபடி மாத்தி வெச்ச வடிவம்), மெயில் இருக்கற இடம். இன்னொண்ணு லாகின் டேபிள், அதுல ரெண்டே காலம் (நெடுவரிசை): என்ன பேர்ல உள்ள வர்றார், எந்த மெயில்பாக்ஸுக்கு போறார். டையிங் சேல்ஸுக்கு அதுல ரெண்டு வரி இருக்கும், சேல்ஸ்2 → சேல்ஸ்@டையிங் ஒரு வரி, சேல்ஸ்@டையிங் → சேல்ஸ்@டையிங் இன்னொரு வரி. லாகின் காலத்துக்கு யூனிக் கீ கண்டிப்பா போடுங்க, ஒரே சாவி ரெண்டு வீட்டுக்கு போகாம பாத்துக்கறது அதுதான். டவ்காட்ல பாஸ்வேர்ட் செக் பண்ற குவெரி இந்த ரெண்டு டேபிளையும் சேத்து பாத்து, ஹேஷோட கூட "யூசர்"ங்கற ஃபீல்டுல முழு அட்ரஸை திருப்பிக் குடுக்கணும். அப்படி குடுத்தா டவ்காட் அந்த நிமிஷத்துல இருந்து அவரை சேல்ஸ்2-ன்னு பாக்காது, சேல்ஸ்@டையிங்னுதான் பாக்கும். போஸ்ட்ஃபிக்ஸும் லாகினை டவ்காட் கிட்டதான் கேக்குது, அதுக்கும் போறது இந்த முழு பேர்தான். யார் எந்த அட்ரஸ்ல அனுப்பலாம்னு சென்டர் லாகின் மேப் வெச்சிருந்தீங்கன்னா அதுல இனிமே முழு அட்ரஸ்தான் எழுதணும், பழசுல இருந்த சேல்ஸ்2-ஐ அப்படியே காப்பி பண்ணினா மெயில் உள்ள வரும், வெளிய போகாது, 553-ன்னு "இந்த அட்ரஸ் இந்த யூசரோடது இல்ல"ன்னு திருப்பி அடிக்கும்.

எந்த லாகின் எந்த அட்ரஸ்னு கண்டுபிடிக்க யாரையும் கேக்க வேண்டாம், போஸ்ட்ஃபிக்ஸோட வர்ச்சுவல் ஃபைல்லயே இருக்கும், இடது பக்கம் அட்ரஸ், வலது பக்கம் லினக்ஸ் யூசர். அதுல இருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட்ல எடுத்துரலாம், ஆனா ஸ்கிரிப்டை நம்பி அப்படியே டேபிள்ல ஏத்தாதீங்க. ஒரே யூசருக்கு மூணு அட்ரஸ் இருக்கும், அதுல எது மெயின்னு மனுஷன்தான் சொல்லணும். ஒரே அட்ரஸ் ரெண்டு யூசருக்கு போற மாதிரியும் சிலது இருக்கும், அது லாகின் இல்ல, வெறும் ஏலியஸ் (மெயிலை வேற மெயில்பாக்ஸுக்கு தள்ளி விடற பேர்), அதை தனியா எடுத்து வெச்சுக்கோங்க. லிஸ்டை ஒரு எக்செல்ல போட்டு அந்தந்த கம்பெனி மேனேஜர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க, வேலைய விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆனவங்க ஐடி இன்னும் உயிரோட இருக்கறது அப்பதான் தெரியும்.

இன்னொரு இடம், இதைத்தான் எல்லாரும் மறந்துருவாங்க. லினக்ஸ் யூசரா இருந்ததால ஒவ்வொருத்தர் ஹோம் டைரக்டரிலயும் புள்ளில ஆரம்பிக்கற ஃபார்வர்ட் ஃபைல் இருக்கலாம், முதலாளிக்கோ மெர்ச்சன்டைசருக்கோ எவனோ ஒருத்தன் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் போட்டு வெச்சுட்டு போயிருப்பான். புது சர்வர்ல வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் (லினக்ஸ் யூசர் இல்லாத மெயில்பாக்ஸ்) ஆனதும் அந்த ஃபைலை யாரும் படிக்க மாட்டாங்க. எர்ரரும் வராது, மெயிலும் போகாது, பத்து நாள் கழிச்சுத்தான் "எனக்கு ஜிமெயில்ல ஒண்ணும் வரலியே"ன்னு போன் வரும். எல்லா ஹோம்லயும் ஒரு ஃபைண்ட் ஓட்டி, கிடைச்சதை எல்லாம் ஏலியஸாவோ சீவ் ரூலாவோ (வர்ற மெயிலை என்ன பண்ணணும்னு சர்வர்ல எழுதற விதி) மாத்திருங்க. சீவ் ஃபைல், அதே மாதிரி வேலை செய்யற புரோக்மெயில் ஃபைல் இருக்கான்னும் அப்பவே பாத்துருங்க.

சரி, பாஸ்வேர்ட். 180 பேரையும் மாத்தச் சொல்லவே வேண்டாம். ஷேடோ ஃபைல்ல (லினக்ஸ் பாஸ்வேர்ட் இருக்கற ஃபைல்) இருக்கற ஹேஷை அப்படியே எடுத்துட்டு போகலாம். சென்ட்ஓஎஸ் 7-ல வெச்ச பாஸ்வேர்டா இருந்தா $6$-ன்னு ஆரம்பிக்கும், அது எஸ்ஹெச்ஏ512. சென்ட்ஓஎஸ் 5 காலத்துல இருந்து இழுத்துட்டு வந்த பழைய அக்கவுண்டா இருந்தா $1$-ன்னு இருக்கும், அது எம்டி5, பழைய பலவீனமான முறை. ரெண்டு ஹேஷுக்கும் முன்னாடி க்ரிப்ட்னு ஸ்கீம் பேரை ஒட்டி டேபிள்ல போட்டா டெபியன் 12-ல இருக்கற டவ்காட் ரெண்டையும் செக் பண்ணும். ஹேஷை வேற வகைக்கு கன்வெர்ட் பண்ற டூல் இருக்கான்னு தேடிட்டு இருக்காதீங்க, அப்படி ஒண்ணு இருக்கவே முடியாது, ஒரிஜினல் பாஸ்வேர்ட் தெரியாம ஹேஷை மாத்த முடியாதுங்கறதுக்குத்தான் அது ஹேஷ். $1$ இருக்கறவங்களை மட்டும் தனி லிஸ்ட் போட்டு வெச்சு, எல்லாம் முடிஞ்ச அடுத்த மாசம் வெப்மெயில்ல பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லுங்க, மாத்தின உடனே புது ஹேஷ் ஆயிரும். ஹேஷ் இடத்துல ரெண்டு ஆச்சரியக்குறியோ நட்சத்திரமோ இருந்தா அது பாஸ்வேர்டே இல்லாத இல்ல பூட்டின அக்கவுண்ட், அதை ஏத்தவே வேண்டாம்.

ஏத்தினதும் டவ்அட்மின்ல ஆத் டெஸ்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல உங்க ரெண்டு பேர் ஐடியை பழைய பேர்லயும் புது பேர்லயும் போட்டுப் பாருங்க, ரெண்டும் உள்ள போகணும். அதோட நிறுத்தாதீங்க. ஒவ்வொரு கம்பெனிலயும் ஒரு டெஸ்ட் ஐடி வெச்சு, எக்ஸ்போர்ட் பாஸ்வேர்டை டையிங் ஐடிக்கு குடுத்துப் பாருங்க, அது உள்ள போகவே கூடாது. எல்லாரும் "உள்ள போகுதா"ன்னுதான் டெஸ்ட் பண்றாங்க, "போகக்கூடாதவன் போகாம இருக்கானா"ன்னு யாரும் பாக்கறதில்ல.

மெயிலை நகத்தறதுக்கு ஐமேப்சிங்க் (ரெண்டு சர்வர்லயும் லாகின் பண்ணி மெயிலை காப்பி பண்ற டூல்) எல்லாம் வேண்டாம்ங்க. அது நல்ல டூல்தான், ரெண்டு பக்கமும் வேற வேற சாஃப்ட்வேரா இருந்தா அதை விட்டா வழியில்ல. உங்களுக்கு ரெண்டு பக்கமும் டவ்காட், ரெண்டும் மெயில்டிர். ஃபைலை காப்பி பண்ற ஆர்சிங்க்ல ஃபோல்டரை அப்படியே தூக்குங்க, டவ்காட் யூஐடிலிஸ்ட் ஃபைலும் கூடவே வரணும், வந்தப்புறம் ஓனரை புது வர்ச்சுவல் மெயில் யூசருக்கு மாத்திருங்க. அந்த ஃபைல் ஏன் முக்கியம்னா, ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நம்பர் இருக்கு, பாப்3-ல (மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கற முறை) "சர்வர்ல காப்பி விட்டு வை"ன்னு செட் பண்ணின அவுட்லுக் அந்த நம்பரை வெச்சுத்தான் எதை ஏற்கெனவே இறக்கிட்டோம்னு ஞாபகம் வெச்சிருக்கு. ஐமேப்சிங்க்ல போனா நம்பர் எல்லாம் புதுசாயிரும், திங்கக்கிழமை காலைல அக்கவுண்ட்ஸ் அம்மாவோட அவுட்லுக் நாலு வருஷ மெயிலை மறுபடி இறக்க ஆரம்பிக்கும், எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கும், அதை யார் உக்காந்து அழிக்கறது. பாப்3-ல அந்த நம்பரை எப்படி காட்டணும்ங்கற யூஐடிஎல் ஃபார்மேட் செட்டிங்கை பழசுல யாராவது மாத்தி வெச்சிருக்காங்களான்னும் பாத்து புதுசுல அதே மாதிரி வையுங்க.

இப்ப வெப்மெயில். பிரவுசர்ல மெயில் பாக்கற ரவுண்ட்க்யூப் இருந்தா ஒரு சிக்கல் இருக்கு. ரவுண்ட்க்யூப் தனக்குன்னு ஒரு யூசர் டேபிள் வெச்சிருக்கும், அதுல யூசர்நேமும் மெயில் ஹோஸ்ட் பேரும் சேர்ந்ததுதான் ஒரு ஆள். நேத்து வரைக்கும் சேல்ஸ்2-ன்னு வந்தவர் இன்னிக்கு சேல்ஸ்@டையிங்னு வந்தா அது அவரை புது ஆளா நினைச்சு காலி அட்ரஸ் புக், காலி சிக்னேச்சரோட திறக்கும். மெயில் எல்லாம் இருக்கும், ஆனா காண்டாக்ட் போச்சுன்னு கத்துவாங்க. அதனால அந்த டேபிள்ல யூசர்நேமை முழு அட்ரஸா மாத்தி அப்டேட் போடுங்க, ஹோஸ்ட் பேர் மாறுதுன்னா அதையும் சேத்து. வெப்மெயில்ல மட்டும் முதல் நாள்ல இருந்தே முழு அட்ரஸ்தான்னு வெச்சுரலாம், ஏன்னா அங்க ஆள் கையாலதானே அடிக்கறாங்க, சேவ் பண்ணின செட்டிங் எதுவும் உடையாது. லாகின் யூசர்நேம் ஃபில்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஈமெயில்னு வெச்சா வெறும் பேரை ஏத்துக்காது, பழக்கத்துல சேல்ஸ்2-ன்னு அடிச்சு இன்னொரு காலி அக்கவுண்ட் உருவாகறதும் நின்னுரும்.

சர்வர் பேர் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். அஞ்சு டொமைன்லயும் மெயில்னு ஆரம்பிக்கற பேரைத்தான் எல்லாரும் அவுட்லுக்ல போட்டிருப்பாங்க, அந்த அஞ்சு பேரையும் ஒரே சர்டிஃபிகேட்ல சேத்து வாங்குங்க, இலவசமா சர்டிஃபிகேட் குடுக்கற லெட்ஸ் என்க்ரிப்ட்ல ஒரு சர்டிஃபிகேட்டுக்கு 100 சர்வர் பேர் வரைக்கும் போடலாம், அஞ்செல்லாம் ஒண்ணுமே இல்ல. பேர் இன்னும் பழைய சர்வரை காட்டிட்டு இருக்கும்போதே வாங்கணும்ங்கறதால டிஎன்எஸ் சேலஞ்ச்ல (டொமைன் நம்மோடதுன்னு டிஎன்எஸ்ல ஒரு பதிவு போட்டு காட்டறது) வாங்குங்க. டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை எத்தனை செகண்ட் ஞாபகம் வெச்சுக்கலாம்ங்கற நம்பர்) ரெண்டு மூணு நாள் முன்னாடியே 300-க்கு இறக்கிருங்க. எஸ்பிஎஃப்ல புது ஐபி, டிகேஐஎம் கீ, ரிவர்ஸ் டிஎன்எஸ், இதெல்லாம் அஞ்சு டொமைனுக்கும் தனித்தனியா சரியா இருக்கணும், அது லாகின் கதை இல்லங்கறதால இங்க விடறேன்.

திங்கக்கிழமை காலைல "பாஸ்வேர்ட் ஏத்துக்கல"ன்னு வர்ற போன்ல பாதிக்கு மேல பாஸ்வேர்ட் பிரச்சினையா இருக்காது. முதல் சந்தேகம் ஃபெயில்2பேன் மேல வையுங்க. அதோட டிஃபால்ட்படி பத்து நிமிஷத்துல அஞ்சு தடவை தப்பானா அந்த ஐபிய பத்து நிமிஷம் அடைச்சுரும். உங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் ஒரே ஐபில இருந்துதான் வெளிய வர்றாங்க, எவரோ ஒருத்தர் போன் பழைய பாஸ்வேர்டை வைஃபைல விடாம தட்டிட்டே இருந்தா மொத்த ஆபீஸும் வெளிய நிக்கும். ஆபீஸ், ஃபேக்டரி எல்லாத்தோட ஸ்டாட்டிக் ஐபியையும் விலக்கு லிஸ்ட்ல முதல்லயே போட்டுருங்க. டிஎன்எஸ் மாறற வரைக்கும் பழைய சர்வர்ல இருந்து போர்ட்டை புதுசுக்கு ஃபார்வர்ட் பண்ணப் போறீங்கன்னா பழைய சர்வரோட ஐபியையும் போடுங்க, ஏன்னா அந்த வழியா வர்றவங்க எல்லாரும் புது சர்வருக்கு அந்த ஒரே ஐபியாத்தான் தெரிவாங்க.

ரெண்டாவது, ஒரு யூசர் ஒரு ஐபில இருந்து இத்தனை கனெக்ஷன்தான்னு டவ்காட்ல ஒரு கணக்கு இருக்கு, டிஃபால்ட் 10. இன்ஃபோ ஐடிய ஆறு பேர் ஆறு கம்ப்யூட்டர்ல ஐமேப்ல (மெயிலை சர்வர்லயே வெச்சு படிக்கற முறை) திறந்து வெச்சிருந்தா, ஒரு அவுட்லுக்கே ரெண்டு மூணு கனெக்ஷன் எடுக்கும், பத்து சட்டுனு தாண்டிரும், அவுட்லுக் திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேக்கும். பழைய சர்வர்ல யாரோ இதை ஏத்தி வெச்சிருப்பாங்க, கான்ஃபிக்ல பாருங்க. மூணாவது, விண்டோஸ் 7-ல பழைய அவுட்லுக் ஓட்டறவங்க. டெபியன் 12 டிஃபால்ட்டா டிஎல்எஸ் (என்க்ரிப்ஷன் முறை) 1.2-க்கு கீழ பேசாது, அந்த மெஷின் அப்டேட் இல்லாம 1.0-லயே நிக்கும். லாக்ல பாத்தா அவர் பாஸ்வேர்ட் அனுப்பவே இல்ல, அதுக்கு முன்னாடியே ஹேண்ட்ஷேக்ல கட் ஆயிருக்கும். அவருக்கு பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணிக் குடுத்து பிரயோஜனம் இல்ல.

இப்ப ரெண்டாம் கட்டம். மாத்தி ஒரு வாரம் அமைதியா ஓடினதும் ஒவ்வொரு கம்பெனியா முழு அட்ரஸுக்கு மாத்த ஆரம்பிங்க. யார் இன்னும் பழைய பேர்ல வர்றாங்கன்னு தெரிஞ்சாத்தான் பழைய வரிய டேபிள்ல இருந்து எடுக்க முடியும், இங்க ஒரு சின்ன விஷயம் இருக்கு. குவெரிலயே பேரை மாத்தி விட்டோம் இல்லையா, அதனால லாகின் லாக்ல எல்லாருமே முழு அட்ரஸ்லதான் தெரிவாங்க, சேல்ஸ்2-ன்னு வந்தவர் யார்னே தெரியாது. டவ்காட்ல லாகின் லாக் ஃபார்மேட் எலிமென்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல யூசர் மாறறதுக்கு முன்னாடி இருந்த ஒரிஜினல் பேரைக் காட்டற வேரியபிளையும் சேத்துருங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வரிலயும் அடிச்ச பேர், மாறின பேர், ஐபி மூணும் பக்கத்துல பக்கத்துல வரும், ஒரு கிரெப் போட்டா அன்னிக்கு யாரைப் போய் பாக்கணும்ங்கற லிஸ்ட் ரெடி.

ஆனா இது ஐமேப், பாப்3-க்குத்தான். எஸ்எம்டிபில (மெயில் அனுப்பற வழி) மட்டும் லாகின் ஆகற ஆட்கள் இந்த லாக்ல வர மாட்டாங்க. ஆட்கள்னு சொல்றேன், முக்கால்வாசி மெஷின். ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பற ஜெராக்ஸ் மெஷின், டாலி, இஆர்பி, கேமரா டிவிஆர், ஜெனரேட்டர் அலாரம் வரைக்கும் ஏதாவது ஒரு லாகினை உள்ள வெச்சிருக்கும், வெச்சது யார்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரெண்டு மூணு நாளைக்கு ஆத் டீபக்கை (லாகின் செக் பண்றதை விவரமா லாக்ல எழுதற செட்டிங்) ஆன் பண்ணி வெச்சா எந்தப் பேரை டேபிள்ல தேடுச்சுன்னு அதுல தெரியும், அதுல இருந்து எடுங்க. ஒரு மாசம் முழுசா ஓட்டாம எந்தப் பழைய லாகினையும் எடுக்காதீங்க, சம்பள ஸ்லிப் மெயில் எல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதானே போகும், அது எந்த ஐடில போகுதுன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

எடுக்கும்போதும் டிலீட் பண்ணாம டேபிள்ல ஆக்டிவ்னு ஒரு காலம் வெச்சு சைபர் ஆக்குங்க. யாராவது கத்தினா ஒண்ணு ஆக்கிட்டு அப்புறம் போய் அவர் மெஷினை மாத்தலாம். போன்ல அக்கவுண்டை அழிச்சுட்டு புதுசா சேக்கறேன்னு யாராவது கிளம்பினா, ஐமேப்னா விடுங்க, சர்வர்லதான் எல்லாம் இருக்கு. பாப்3-ன்னா தடுங்க, அவங்க மெயில் அந்த மெஷின்ல மட்டும் இருக்கலாம்.

ஒரே ஞாயித்துக்கிழமைல முடியுமான்னு கேட்டிருந்தீங்க. சர்வர் மாத்தறது முடியும். ஒரு வாரம் முன்னாடியே ஆர்சிங்க் ஒரு ரவுண்ட் ஓட்டி வெச்சா, ஞாயித்துக்கிழமை பழைய டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் நிறுத்திட்டு கடைசி ரவுண்ட் ஓட்டறதுக்கு அவ்ளோ நேரம் ஆகாது, அந்தக் கடைசி ரவுண்ட்ல டிலீட் ஆப்ஷன் போட மறந்தா அழிச்ச மெயில் எல்லாம் திரும்பி வந்து நிக்கும். லாகின் மாத்தறது ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆகட்டும், பழைய லாகின்தான் ஓடிட்டு இருக்கே. மாசக் கடைசி ஞாயிறு மட்டும் வேண்டாம், ஷிப்மென்ட் வேலையும் சேந்து உங்க தலைல விழும். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட அப்டேட் நின்னு போச்சு, அதனால அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னும் விட்டுராதீங்க. டெபியன் 12-ல வர்றது டவ்காட் 2.3, டெபியன் 13-ல 2.4, அதுக்கு இந்த கான்ஃபிக் அப்படியே ஓடாது, குவெரி எழுதற முறையே மாறிருச்சு. இன்னும் ஆரம்பிக்கலன்னா நேரா 13-லயே போட்டு 2.4-க்கு எழுதிக்கறது நல்லது. பாதி வேலை ஆயிருச்சுன்னா 12-லயே முடிங்க.